இடது பின் சக்கரம்

"அஞ்சு போல்ட்ல ரெண்டக் காணோம்மா. மிச்சம் மூணும் விரலால திருகினாலே கையோட வந்துச்சு. பின் சீட்ல மாய்கன் உக்காந்திருக்கா, ஆறு வயசுப் பிள்ளை. ஏரி வளைவுல கழண்டு ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

ஸ்டெலான் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். முதல் தடவை வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது சொன்னான். இரண்டாவது தடவை அப்பாவிடம் தனியாக, ஆனால் அம்மா காதில் நன்றாக விழும்படி. இப்போது சமையலறை மேசையில், ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு உருண்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறான். உள்ளே பன்றிக் கறித் துண்டு வைத்து அப்பா ஹில்டிங் வேகவைத்த உருண்டைகள். வெண்ணெயும் சிவப்புக் காட்டுப்பழ ஜாமும் சேர்த்துச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் கல். ஒருவரும் கை வைக்கவில்லை. அவன் மகள் மாய்கன் மட்டும் ஜாமைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

தூர்டிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபத்தேழு வயது. ஸ்வார்ட்நெஸ் வட்டாரத்துப் பள்ளிக்கூட பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவள். மைனஸ் முப்பதிலும், ரோடு எது ஏரி எது என்று தெரியாத பனிமூட்டத்திலும் ஒரு நாள்கூட பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஸ்டெலானே அந்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் படித்தவன்தான். தன் கார் சக்கரத்தைத் தானே மாட்டாமல் ஒரு குளிர்காலமும் அவளுக்குப் பிறந்ததில்லை. அவள் மாட்டிய சக்கரம் கழன்றது என்று ஒருவன் சொல்கிறான், அதுவும் அவள் வயிற்றில் பிறந்தவன்.

"நான் முறுக்கித்தான் விட்டேன்," என்றாள்.

"சரிம்மா."

"என்ன சரி? நாலு வீலு, இருவது போல்ட்டு. கிளிக்னு சத்தம் கேட்டப்புறம்தான் அடுத்த போல்ட்டுக்கே போனேன்."

"முறுக்கினதா உனக்கு ஞாபகம். நான் குத்தம் சொல்லலம்மா. மார்ச்சுல அப்படி ஒண்ணு ஆனதுக்கப்புறம் யாருக்கும் வர்றதுதான்."

மார்ச்சில் ஆனது இதுதான். ஒரு காலையில் அவள் வலது கையிலிருந்த காப்பிக் கோப்பை தானாக நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள், அவளும் தொடவில்லை. ஜூலையில் டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, கோடு போடச் சொல்லிப் பார்த்து, இனி ஓட்டலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டாள். கை கால் பழையபடிதான். எப்போதாவது ஒரு வார்த்தை மட்டும் நாக்கு வரை வந்து நின்றுவிடும்.

அந்தத் தடங்கல் அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

"செவ்வாக்கிழமை காலைல நான் வண்டிய அந்த… அதை வச்சு… அதை அடியில குடுத்து…" தூர்டிஸின் கை காற்றில் மேலும் கீழும் ஆடியது. வார்த்தை வரவில்லை. ஸ்டெலான் அப்பாவைப் பார்த்தான். அப்பா மேசை விரிப்பைப் பார்த்தார்.

"ஜாக்கி," என்றான் ஸ்டெலான், ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாக.

"ஜாக்கிதான்! தெரியும்! வார்த்தை வரலைன்னா கையும் வராதுன்னு அர்த்தமா?"

 ஸ்டெலான் கார் சாவியை மேசையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இது எங்கிட்ட இருக்கட்டும். திங்கக்கிழமை காலைல நான் டாக்டர் ஆபீசுக்கு ஒரு போன் பண்றேன். லைசென்ஸ் விஷயத்த அவங்க இன்னொரு தடவ யோசிக்கட்டும். உன் நல்லதுக்குத்தாம்மா."

டவுன் நாற்பது கிலோமீட்டர். கடை பன்னிரண்டு. பஸ் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஹில்டிங்குக்குச் சின்ன வயசிலிருந்தே பார்வை மட்டு, மர அறுவை மில்லில் பலகை அடுக்கியே காலம் தள்ளினார், ஸ்டியரிங்கைப் பிடித்ததே கிடையாது. அந்த வீட்டில் லைசென்ஸ் ஒன்றுதான், அது தூர்டிஸுடையது. அது போனால் வீடும் போச்சு. கடற்கரை நகரத்தில், தன் வீட்டுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் ஒரு குடியிருப்பை ஸ்டெலான் கோடையிலேயே போனில் படம் காட்டியிருந்தான். பால்கனி இருக்காம். பால்கனி!

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஹில்டிங், நீ சொல்லேன். நான் முறுக்கறப்ப நீதானே காப்பியோட பக்கத்துல நின்ன?"

ஹில்டிங் உருண்டைத் தட்டை நகர்த்தி வைத்தார். "சாப்பிடுங்க. ஆறிடும்," என்றார்.

நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன் வாயிலிருந்து அந்த நேரத்தில் வந்தது அவ்வளவுதான். தூர்டிஸ் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். படுத்தவள் மனசுக்குள் இருபது போல்ட்டையும் ஒவ்வொன்றாக எண்ணினாள். இடது பின் சக்கரத்தில் வந்து நின்றாள். கிளிக் கேட்டதா? கேட்டது. நிஜமாகக் கேட்டதா? தன் கையையே தான் சந்தேகப்படும்படி ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையும் கோபத்தில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்திருந்தது. ஸ்டெலானும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூர்டிஸ் பழைய பஸ் கம்பெனி ஓவர்ஆலை மாட்டிக்கொண்டு ஷெட்டைத் திறந்தாள். சக்கரம் கழற்றச் சாவி எதற்கு? ஜாக்கி, வீல் ஸ்பேனர், கம்பி பிரஷ், டார்க் ரெஞ்ச். குறித்த அளவு முறுக்கியதும் கிளிக் என்று சத்தம் போடும் அந்த நீண்ட ஸ்பேனரை அவள் எண்ணெய்த் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்திருப்பாள், புல்லாங்குழல்காரன் குழலை வைப்பதுபோல.

செவ்வாய்க்கிழமை செய்ததையே மறுபடி செய்து பார்ப்பது என்று முடிவு. அன்று அவள் எப்படிச் செய்தாள்? கோடை டயர்களைக் கழற்றி, எந்தச் சக்கரம் எந்த மூலை என்று சாக்பீஸால் எழுதி அடுக்கினாள். சக்கரம் போய் உட்காரும் இரும்பு வட்டைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தாள். பனிக்கால டயரைத் தூக்கி மாட்டி, ஐந்து போல்ட்டையும் முதலில் கையால் திருகினாள். வண்டியைத் தரையில் இறக்கினாள். பிறகு எதிரெதிராக, நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி, ஒன்று விட்டு ஒன்று முறுக்கினாள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை முறுக்க வேண்டும். அதற்கு முன் சனிக்கிழமை ஸ்டெலான், பிள்ளைக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கிறேன் என்று வண்டியைக் கடைக்கு எடுத்துப் போனான். பாதி வழியில் பின்னால் தடதடவென்று சத்தம். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் அடித்தான். எதிர்வீட்டு இங்வேதான் போய், இருந்த மூன்று போல்ட்டை இறுக்கி, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தான்.

இடது பின் சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வட்டு முழுக்கச் செம்பு நிறத்தில் மினுமினுவென்று கிரீஸ்.

தூர்டிஸ் செம்பு கிரீஸ் தொடுவதில்லை. இரும்போடு இரும்பு உட்கார வேண்டும், நடுவில் வழவழப்பு எதற்கு என்பது அவள் கட்சி. ஸ்வார்ட்நெஸ்ஸில் அந்த டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் ஒருவன்தான். டிராக்டருக்கும் அதுதான், கேட்டுக்கும் அதுதான், சமையலறைக் கதவு கீலுக்கும் அதுதான். கிரீஸ் வைக்காவிட்டால் சக்கரம் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று இருபது வருஷமாக அவளோடு வேலி மேல் சாய்ந்து வாதாடுகிறவன்.

அவள் மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றினாள். நாலிலும் செம்பு கிரீஸ். கையைக்கூடத் துடைக்காமல் ரோட்டைத் தாண்டினாள்.

இங்வே ஷெட்டில் காட்டு மான் கறியை வெட்டிக்கொண்டிருந்தான். வேட்டை வாரம் முடிந்து அவன் பங்கு ஒரு முழுத் தொடை. மேல் உதட்டுக்குள் அடக்கிய புகையிலைப் பொட்டலம் புடைத்துக்கொண்டிருந்தது.

"தூர்டிஸா? வா வா. காப்பி சூடா இருக்கு."

"காப்பி கிடக்கட்டும். கையக் காட்டு."

"எந்தக் கைய?"

"எந்தக் கையால என் வண்டியத் தொட்டியோ அந்தக் கைய."

இங்வே கத்தியைக் கீழே வைத்தான். "நேத்து ரோட்டுல நின்னுச்சே, அப்ப தொட்டதுதான்…"

"நேத்து மூணு போல்ட்ட இறுக்கின. நாலு வீலக் கழட்டிக் கிரீஸ் தடவினது எப்ப? நேத்து ரோட்டு ஓரத்துலயா?"

"கிரீஸா? எந்தக் கிரீஸு?"

"இங்வே, எனக்கு வார்த்தைதான் மறக்கும். கண்ணு நல்லாத் தெரியும்."

அவன் வாயிலிருந்த பொட்டலத்தை விரலால் எடுத்துத் தகர டப்பாவுக்குள் போட்டான். அதற்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஹில்டிங்தான் கூப்பிட்டான்," என்றான் கடைசியில். "வியாழக்கிழமை. நீ கண்ணுல மருந்து ஊத்திப் பாக்கணும், ஊத்தினா ஓட்டக்கூடாதுன்னு பஸ்ல டவுனுக்குப் போயிருந்தேல்ல, அப்ப. 'தூர்டிஸ் வீல் மாத்தியிருக்கா, போல்ட்ட மட்டும் ஒரு தடவ பாத்துடு, அவளுக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படுவா'ன்னான்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. இருவதும். ஒண்ணுகூட அசையல."

தூர்டிஸ் பக்கத்திலிருந்த விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க இந்த ஒரு வார்த்தைக்குத்தானே உருண்டு புரண்டாள். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் கோபம் இன்னும் ஒரு படி ஏறிற்று.

"கல்லு மாதிரி இருந்தத எதுக்குடா கழட்டின, பாவி?"

"வந்தது வந்தோம், வெறுங்கையோட போவானேன்னு… கொஞ்சம் கிரீஸ் வச்சா அடுத்த வருஷம் உனக்குத்தானே சுளுவா இருக்கும்."

"எனக்கு சுளுவா!"

"மூணு வீல சரியா முடிச்சுட்டேன். நாலாவத மாட்டி, கையால திருகி, வண்டிய இறக்கிட்டேன். முறுக்க வேண்டியது ஒண்ணுதான் பாக்கி. பாத்தா மேட்டுல, வீடு வீடா வர்ற நர்ஸோட சிவப்பு வண்டி. முன் சீட்ல நீ. சாயங்கால பஸ்ஸுலதானே வரணும், நீ எதுக்கு ரெண்டு மணிக்கே வந்த?"

"இப்ப நான் சீக்கிரம் வந்ததுதான் குத்தமா?"

"இல்ல இல்ல. ஹில்டிங் ஜன்னல்ல நின்னு கையாட்டறான், ஓடு ஓடுன்னு. நான் ஜாக்கியத் தூக்கிக்கிட்டு வேலி மேல ஏறிக் குதிச்சேன். எழுவத்துநாலு வயசுல. முட்டி இன்னும் வலிக்குது."

வேறொரு நாளாக இருந்தால் தூர்டிஸ் சிரித்திருப்பாள். "அப்புறம் வந்து முறுக்கியிருக்கலாம்ல?"

"இருட்டினப்புறம் வரலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குக் கறி பங்கு பிரிச்சாங்க. பேச்சு, காப்பி, அது இதுன்னு… மறந்தே போச்சு."

"மறந்து போச்சு."

"மறந்து போச்சு தூர்டிஸ்."

"நேத்து அந்த வீலப் பாத்தியே, அப்ப ஞாபகம் வந்துச்சா இல்லையா?"

இங்வே கறியைப் பார்த்தான். "வந்துச்சு. சொல்லத்தான் வாயெடுத்தேன். ஹில்டிங் உன் பின்னால நின்னு தலைய ஆட்டினான், வேணாம்னு. புருஷன் பொண்டாட்டி விஷயம், நான் எதுக்கு நடுவுலன்னு…"

ஆக, ஹில்டிங்குக்குத் தெரியும். நேற்று மேசையில் உருண்டைத் தட்டை நகர்த்தியபோதே தெரியும். பெற்ற பிள்ளை அவளைப் புத்தி பிசகியவள்போல் பார்த்தபோதும் தெரியும்.

"எந்திரி," என்றாள் தூர்டிஸ்.

"ஏப்ரனெல்லாம் ரத்தமா இருக்கே."

"அப்படியே வா. பொருத்தமாத்தான் இருக்கும்."

சமையலறையில் ஸ்டெலான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மாய்கன் உள் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஹில்டிங் இங்வேயைப் பார்த்ததும் காப்பிக் கெண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இங்வே வாசல் மிதியடியிலேயே நின்று, தொப்பியைக் கசக்கிக்கொண்டே, எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். கல்லு மாதிரி இருந்தது என்பதை மட்டும் தூர்டிஸ் அவனை இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

ஸ்டெலான் பெருமூச்சு விட்டுச் சிரித்தேவிட்டான். "அடக் கடவுளே, இவ்வளவுதானா! நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். சரி விடு இங்வே, நல்லதுக்குத்தானே பண்ணின. வயசாயிடுச்சுன்னா யாருக்கும் மறக்கிறதுதான். உக்காரு, காப்பி சாப்பிடு."

தூர்டிஸ் மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவனுக்கு எந்த டாக்டருக்குப் போன் பண்ணப் போற?" என்றாள்.

"என்னம்மா?"

"கேக்கறேன்ல. வீல மாட்டிட்டு முறுக்காமப் போனவன் இவன். உம் பொண்ணு உக்காந்து போன வண்டி. இவனுக்கு எழுவத்துநாலு வயசு, எனக்கு மேல ஏழு. இவன்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு, டிராக்டரும் இருக்கு, துப்பாக்கிகூட இருக்கு. இவன் சாவிய எந்தப் பாக்கெட்ல போட்டுக்கப் போற?"

"அம்மா, அது வேற…"

"என்ன வேற? இவன் மறந்தா, பாவம், வயசு, காப்பி சாப்பிடு. நான் மறக்காமலே எனக்கு வியாதி. இவனப் பாத்துச் சிரிக்கிற. என்னப் பாத்தா குரல இறக்கிப் பேசற, ஜாக்கின்னு எடுத்துக் குடுக்கற, என்னமோ நான் மாய்கனவிடச் சின்னப் பிள்ள மாதிரி!"

"இந்த வீல் விஷயத்துல நான் சொன்னது தப்புதாம்மா. ஆனா பொதுவாவே, இந்தக் குளிர்ல, இந்த வயசுல நீ தரையில படுத்துக்கிட்டு…"

"நேத்து வீலு. இன்னைக்கு வீலு சரியாப் போச்சு, உடனே பொதுவாவா? அப்ப உனக்கு வீலு ஒரு சாக்கு."

 இங்வே மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினான். தூர்டிஸ் கையை நீட்டினாள். ஸ்டெலான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். கொடுக்காமல் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. அவன் ரயில் மூன்று மணிக்கு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

நாலு வட்டிலிருந்தும் அந்தச் செம்பு கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. காணாமல் போன இரண்டு போல்ட்டுக்கு அவள் காப்பித் தகர டப்பாவில் உபரி இருந்தது. ஸ்டெலான் பக்கத்தில் வந்து, நான் பிடிக்கட்டுமா என்றான். தள்ளி நில், வெளிச்சம் மறைக்குது என்றாள். இருபது தடவை கிளிக் என்று கேட்டது. அவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினாள், எதிர்வீட்டு ஷெட் வரை கேட்கும்படி.

வழியில் ஸ்டெலான் பின் சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து வந்தான். முன் சீட் காலியாக இருந்தது. ஏரி வளைவில் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அவள் கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், வண்டியைத் தானாக உருள விட்டுத் திருப்பினாள். கண்ணாடியில் பார்த்தபோது ஸ்டெலான் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இதே வளைவில் பின் சீட்டில் எழுந்து நின்று கூத்தடித்த பயல்! 

ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்கிய பிறகு அவன் சொன்னான், "அம்மா, அந்தப் போன் விஷயம்… நான் கொஞ்சம் யோசிக்கறேன்."

"யோசி. என் லைசென்ஸ உன் தயவுல வச்சுக்கிட்டு இருக்கணுமா நான்? நீ போன் பண்ணாம விட்டா அது எனக்குப் பிச்சையா?"

"நான் பயந்துட்டேம்மா. பிள்ள பின்னால இருந்தா."

"பயந்தது தப்பில்ல. பயந்த உடனே என் மூஞ்சியப் பாத்தே பாரு, அதுதான் தப்பு."

அவன் அவளைக் கட்டிப்பிடித்தான். அவளும் பிடித்தாள், சின்னதாக. மாய்கனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஹில்டிங் மிஞ்சிய உருண்டைகளை வட்டமாக நறுக்கி வெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தார். மணம் வாசல் வரை வந்தது. அவளுக்குப் பசிதான். ஆனாலும் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இங்வேய ஏன் கூப்பிட்ட?"

ஹில்டிங் அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். "பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"அன்னைக்கு நீ விழுந்தப்ப இங்கதான் நின்னேன், இதே இடத்துல. ஆம்புலன்ஸ் வர அம்பது நிமிஷம் ஆச்சு. நாப்பது வருஷமா உன் பக்கத்துச் சீட்ல உக்காந்து வந்திருக்கேன், ஒரு தடவகூடப் பயந்ததில்ல. இப்ப ஒவ்வொரு வளைவுலயும் உன் கையையே பாத்துக்கிட்டு வர்றேன், தூர்டிஸ்."

அவளுக்கு அது தெரியாது. வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்?

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? இங்வேகிட்டச் சொல்லத் தெரியுது."

"சொன்னா நீ கத்துவ."

"கத்துவேன். ஆமா, கத்துவேன்! கத்தி முடிச்சுட்டு உன்னக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தி, இந்தா நீயே முறுக்கிப் பாருன்னு ஸ்பேனரக் கையில குடுத்திருப்பேன். நேத்தாவது வாயத் தொறந்தியா? அவன் சாவிய எடுத்துப் பையில போடறான், நீ சாப்பிடுங்க ஆறிடும்ங்கற. என் கோவத்துக்குப் பயந்துக்கிட்டு என் லைசென்ஸத் தூக்கிக் குடுத்தியே, ஹில்டிங்!"

ஹில்டிங்கின் தோள் குலுங்கியது. அவர் அழுகிறவர் இல்லை. அடுப்பில் உருண்டைகள் கருகின. எழுந்து போய் அடுப்பை அணைத்தவள் தூர்டிஸ்தான். கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்லதை இரண்டு தட்டில் போட்டாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டாள். உங்கள் முறை ஒன்பது ஐந்துக்கு, அப்போது நாங்களே கூப்பிடுகிறோம் என்றது இயந்திரம். ஒன்பது ஐந்துவரை அவள் போனுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஹில்டிங் எதிரே உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. சின்ன வயசு நர்ஸ் குரல்.

"தூர்டிஸ் பேசறேன், ஸ்வார்ட்நெஸ். டாக்டரம்மா ஜூலைல எனக்கு ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு இன்னொரு தடவ சோதனை வேணும். கோடு போடறது இல்ல. பக்கத்துல ஆளு உக்காந்து, ரோட்டுல நான் ஓட்டறதப் பாக்கற சோதனை."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப காரணம்னு என்ன எழுதட்டும்?"

தூர்டிஸ் எதிரே பார்த்தாள். "பக்கத்துச் சீட்ல உக்கார்றவருக்குப் பயமா இருக்குன்னு எழுது."

ஹில்டிங் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பத்து மணி என்றாள்.

"வர்றேன். இன்னொரு பேரும் எழுதிக்கம்மா. எதிர்வீட்டுக்காரன், இங்வேன்னு. எழுவத்துநாலு வயசு. கார் வீல மாட்டிட்டு முறுக்க மறந்துட்டான். அவன் லைசென்ஸையும் நீங்க கொஞ்சம் யோசிக்கணும்."

 நர்ஸ் ரொம்பப் பொறுமையாக, ரொம்ப அன்பாகச் சொன்னாள். "அப்படியெல்லாம் இன்னொருத்தர் சொன்னாங்கன்னு நாங்க எழுதிக்க முடியாதுங்க. அவரு பெரிய மனுஷர், புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. அவரே கூப்பிட்டாத்தான்."

"அப்படியா?" என்றாள் தூர்டிஸ். "இத ஒரு காயிதத்துல எழுதி வச்சுக்கம்மா. இன்னைக்கு எம் பையன் உங்களுக்குப் போன் பண்ணினாலும் பண்ணுவான். அவன்கிட்டயும் இதையே சொல்லு."